ரெலக்ஸ் கட்டத்தில் இருந்த விலாசம்

1

நான் கனடாவுக்கு வந்து இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். அதற்கு அக்கா ஒரு கேக் வாங்கி வைத்திருந்தாள். கேக்கின் மேல் வாழ்த்து, பக்கத்தில் சிவப்பு மேப்பிள் இலை. உயிருக்குப் பயந்து ஓடிவந்த நாளுக்கு வருஷா வருஷம் கேக் வெட்டுகிற சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். அத்தான் படம் வேறு பிடித்தார்.

அன்று காலையில்தான் கொழும்பிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்திருந்தது. அனுப்பியவரைச் சுகந்தி என்று சொல்லிவைக்கிறேன். அது அவருடைய பெயரல்ல. இந்தக் குறிப்பில் வரும் ஒரு பெயரும் உண்மையல்ல, இடங்களையும் அடையாளம் தெரியாதபடி புரட்டிப் போட்டிருக்கிறேன். இவ்வளவு கவனம் இரண்டு வருஷத்துக்கு முன் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

"தம்பி, சுகமா? சுவிஸ் தூதரகக்காரர் என்ர அகதி விண்ணப்பத்தை இரண்டாம் தரம் பாக்கினம். எனக்கு ஆபத்து இருந்ததெண்டதுக்கு அத்தாட்சி கேக்கினம். நான் இருந்த இடம் உங்கட கந்தோர் வெப்சைட்டில வந்ததும், அதைக் கொண்டு ஆக்கள் தேடி வந்ததும் உண்மை எண்டு நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தந்தால் காணும். ஒரு மாதத் தவணை தந்திருக்கினம். உங்களுக்குக் கரைச்சல் எண்டால் வேண்டாம்."

கடைசி வசனத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. இரண்டு வருஷத்தில் ஐந்து வீடு மாறியவர், கேக் தின்கிற எனக்குக் கரைச்சல் வரக்கூடாது என்று கவலைப்படுகிறார்.

என்னை அகதியாக்கித் தந்த வழக்கறிஞருக்கு போன் எடுத்தேன். ஸ்காபரோவில், இடியப்பக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார்.

"எழுதாதையும்," என்றார், நான் முடிக்கு முன்னமே. "உம்மட ஃபைலில அப்பிடி ஒரு பொம்பிளையே இல்லை. இப்ப இவ எங்கையிருந்து முளைச்சவ எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுவீர்? பி.ஆர். கையில வரட்டும். பிறகு பாப்பம்."

பி.ஆர். என்பது நிரந்தர வதிவிடப் பத்திரம். இங்கே எங்கள் சனம் முருகனுக்கு அடுத்தபடியாகக் கும்பிடுவது அதைத்தான். எனக்கு அது வர இன்னும் ஒரு வருஷம் செல்லும். சுகந்திக்கு ஒரு மாதம் இருக்கிறது.

2

கொட்டாஞ்சேனையில், துறைமுக லொறிகள் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போகிற ஒரு தெருவில் எங்கள் கந்தோர், அதாவது அலுவலகம். வெளிநாட்டுச் சொந்தங்கள் கப்பலில் அனுப்புகிற பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து மீட்டு வீடுகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். பெட்டிக்குள் என்ன? சொக்லேட், சவர்க்காரம், சூரிச்சில் கழித்துவிட்ட பனிக்கால ஜக்கெட். கொழும்பு வெயிலுக்கு ஜக்கெட்! அதைப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

நானும் வெள்ளவத்தைதான். இருபத்திரண்டு வயது, கையில் கணினி டிப்ளோமா, வாயில் அதைவிடப் பெரிய சங்கதிகள். முதல் வேலை.

அந்தக் கந்தோரின் மூளை ஒரு பழைய புரோகிராம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பெட்டி இலக்கத்தை அடித்தால் பெயர், விலாசம், சுங்க விபரம் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். எழுதியவர் எண்பதுகளிலேயே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். எந்தக் கட்டம் எதற்கு என்று ஒரு துண்டுக் கடதாசிகூட விட்டுவைக்கவில்லை. அந்தப் புரோகிராமை இணையத்தோடு இணைப்பதுதான் எனக்குத் தந்த வேலை. வெள்ளவத்தைப் போட்டிக் கம்பெனி இணையத்தளம் தொடங்கியதிலிருந்து எங்கள் முதலாளிக்கு நித்திரை இல்லை.

"தம்பி, சூரிச்சில இருக்கிறவன் பேரை அடிச்சால் பெட்டி எங்கை நிக்குதெண்டு தெரியோணும். விளங்குதே? இனி நாங்கள் கொட்டாஞ்சேனைக் கந்தோர் இல்லை. குளோபல்."

அவர் குளோபல் என்று சொல்கையில் கூரையில் ஒழுகிய தண்ணீர் அவர் மேசையிலிருந்த சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"ஆளாளுக்கு ஒரு பாஸ்வேட் குடுப்பம், ஐயா. தன்ர பெட்டியைத் தான் மட்டும் பாக்கலாம்."

"விசர்க் கதை கதையாதையும். எங்கட சனத்துக்கு ஏ.ரி.எம். நம்பரே ஞாபகம் இல்லை. பேரை அடி, பெட்டியைப் பார். அவ்வளவுதான்."

நான் தலையாட்டினேன். அடுத்த கேள்வி கேட்கவில்லை. முதலாளியை இன்றைக்கு இளக்காரமாக எழுதுகிறேன், ஆனால் அன்றைக்கு அந்தத் தலையாட்டலுக்கு ஒரு தாளமும் குறையவில்லை.

பழைய புரோகிராமை ஆண்டவர் பிலோமினா அக்கா. அந்தத் தெருவிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிப் பிறந்து வளர்ந்தவர், முப்பத்தெட்டு வயது, பதினெட்டு வருஷமாக அதே கதிரை, அதே விசைப்பலகை. மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் மல்லி என்பார். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். அவர் வாயில் அது 'இன்னும் வளரவில்லை' என்பது போலக் கேட்கும்.

"அக்கா, இது மியூசியத்தில வைக்கவேண்டிய சாமான்."

"அப்ப என்னயும் சேத்து வைங்க மல்லி. டிக்கட் எடுத்து வந்து பாக்கட்டும்."

"இணையம் வந்தால் உங்கட வேலை லேசாகும்."

"லேசாகுமா, இல்லாமப் போகுமா? தெளிவாச் சொல்லுங்க. பதினெட்டு வருஷத்துல ஒரு பெட்டி தொலைஞ்சதில்ல. நீங்க வந்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீங்க?"

3

அந்தக் காலத்துக் கொழும்பில் தமிழனுக்கு இரண்டு விலாசம். முதலாவது கடதாசி விலாசம்: அடையாள அட்டையில் இருப்பது, பொலிஸ் பதிவில் இருப்பது, சுங்கக் கடதாசியில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கவேண்டியது. மற்றது இருக்கிற விலாசம். போன மாதம் லொட்ஜ், இந்த மாதம் சிநேகிதர் வீட்டு மேல்மாடி, வருகிற மாதம் கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெட்டி போய்ச் சேரவேண்டியது இரண்டாவதுக்கு. புரோகிராமில் இருந்ததோ ஒரேயொரு விலாசக் கட்டம்.

பிலோமினா அக்கா இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். தொலைபேசி, ஃபக்ஸ் கட்டங்களுக்குக் கீழே ரெலக்ஸ் (telex) என்று ஒரு கட்டம் இருந்தது. தந்திக்கும் ஃபக்ஸுக்கும் நடுவில் பிறந்து, என் தலைமுறை கண்ணால் காணுமுன் செத்துப்போன ஒரு இயந்திரத்தின் இலக்கத்தைப் போடும் இடம். பில்லில் அது அச்சாகாது. சுங்கக் கடதாசியிலும் வராது. திரையின் அடியில் கிடக்கும், ஒருவரும் பார்ப்பதில்லை. அதற்குள்தான் அக்கா இருக்கிற விலாசத்தை அடித்து வைப்பார், ஆங்கில எழுத்தில் தமிழாக. 'கடைக்கு மேல், மத்தியானம் நித்திரை, பெல் அடிக்க வேண்டாம்.' 'மருமகளிடம் கொடு, மாமியிடம் கொடுக்காதே.' டெலிவரி வான்காரன் புறப்படுமுன் திரையில் பார்த்து வாய்ப்பாடமாக்கிக்கொண்டு போவான்.

சுகந்தியை நான் கண்டது அந்தக் கவுண்டரில், ஒரே ஒரு தடவை. அவருடைய கணவரை வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் வைத்து ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. ஏற்றியவர்கள் யாரென்று சொல்லவில்லை. பிறகு இவரையும் விசாரிக்கிறார்கள் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு மேல்மாடி அறைக்கு வந்துவிட்டார். சுவிஸிலிருந்து தம்பி பெட்டி அனுப்பியிருந்தான்.

"அக்கா, பெட்டி வராட்டிலும் காரியமில்லை. இருக்கிற இடம் மட்டும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"என்ட கட்டத்துல போடுறேன். யேசுவுக்கும் தெரியாது, போங்க."

அக்கா அடித்ததை அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். 'கோவிலுக்குப் பின் ஒழுங்கை, பச்சைக் கேற், மேல்மாடி. யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.' எனக்குச் சிரிப்பு வந்தது. தரவுத்தளம் என்றால் என்ன, ஒழுங்கு என்றால் என்ன, இந்த அக்கா ரெலக்ஸ் கட்டத்தில் கடிதம் எழுதுகிறாவே என்று.

"சிரிக்காதீங்க மல்லி. அந்தக் கட்டத்துல மட்டும் கைய வைக்காதீங்க."

"சரி அக்கா," என்றேன். குப்பை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

குப்பையென்று எறிந்திருந்தால்கூட ஒரு கெடுதியும் வந்திராது. நான் எறியவில்லை. பக்கம் தயாரானதும் முதலாளி பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தார். "பேஜ் மொட்டையாக் கிடக்கு. என்னடாப்பா, பேரும் நம்பரும் மட்டும்? நிரப்பும்." சனத்தில் பாதிப்பேருக்குத் தொலைபேசிக் கட்டம் வெறுமை. ஆகவே, தொலைபேசியோ ஃபக்ஸோ ரெலக்ஸோ, எது வெறுமையாக இல்லையோ அதைத் 'தொடர்புகளுக்கு' என்ற தலைப்பின் கீழ் காட்டு என்று எழுதினேன். ஆறே ஆறு வரி. நான் எழுதியவற்றுள் மிகச் சுத்தமான ஆறு வரி அதுதான், இன்றைக்கும் சொல்வேன்.

பரிசோதித்தும் பார்த்தேன். முதல் பத்துப் பதிவுகளை எடுத்து. அந்தப் பத்தும் புரோகிராம் பிறந்த காலத்தவை, அவற்றின் ரெலக்ஸ் கட்டத்தில் உண்மையாகவே ரெலக்ஸ் இலக்கம் இருந்தது. பக்கம் நிறைந்து வடிவாக இருந்தது. முதலாளிக்குச் சந்தோஷம். பிலோமினா அக்காவிடம் காட்டவில்லை. அவவுக்கு என்ன விளங்கும் என்று.

4

இங்கே ரொறன்ரோவிலும் எனக்கு அதே வேலைதான், சிரிக்காதீர்கள். காலையில் பஸ், பிறகு நிலக்கீழ் ரயில், பிறகு ஒரு காப்புறுதி முகவர் கந்தோரின் இருபது வருஷப் புரோகிராமை இணையத்துக்கு ஏற்றுகிற சோலி. ஒரு கட்டத்தை வெளியே காட்டுவதா விடுவதா என்று மூன்று கிழமை கூட்டம் வைக்கிறார்கள். எட்டுப் பேர், கோப்பி, பிஸ்கட். அதில் ஒரு அம்மாவின் உத்தியோகமே 'இதை யார் பார்ப்பார்கள்?' என்று கேட்பது. சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்கிறார். மற்ற ஏழுபேரும் அவரைத் தொல்லை என்று முணுமுணுக்கிறார்கள். நான் மட்டும் முணுமுணுப்பதில்லை. அதனால் என்னை நல்ல பிள்ளை என்று நினைக்கிறார்கள்.

என் அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். போன மாதம் பள்ளிக்கூட வேலையொன்றோடு வந்தாள்: உங்கள் குடும்பத்தில் ஒருவர் இங்கே வந்ததற்கு மூன்று காரணம் எழுதுக.

"மாமா, த்ரீ ரீசன்ஸ் வேணும்."

"சண்டை."

"தட்ஸ் வன். இன்னும் டூ."

"நல்ல படிப்பு எண்டு போடு," என்று குசினிக்குள்ளிருந்து அக்கா கத்தினாள்.

மூன்றாவதை அவளே எழுதிக்கொண்டாள்: 'மாமாவுக்குக் கொம்பியூட்டர் விருப்பம்.' ஆசிரியை பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருந்தார். அகதி விசாரணைச் சபையில் நான் சொன்ன காரணங்களைவிட அவளுடைய மூன்றாவது காரணம் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

5

தொடக்கவிழா ஒரு திங்கட்கிழமை. முதல்நாள் ஞாயிறு பத்திரிகையில் முதலாளி விளம்பரம் போட்டிருந்தார்: பெயரை அடியுங்கள், பெட்டியைப் பாருங்கள். அன்றைக்கே தளத்தைத் திறந்துவிடச் சொன்னார், திறந்துவிட்டேன்.

குத்துவிளக்கு, ஐயர், கட்லட், பற்றீஸ். இணையத்தளத்தை எப்படித் திறந்துவைப்பது என்று யோசித்து முதலாளி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: கணினித் திரையைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். விசைப்பலகையில் சந்தனப் பொட்டு. பிரதம விருந்தினர், துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு கனவான், ரிப்பனை வெட்டித் தன் பெயரை அடிக்கவேண்டும். அவருக்கு எங்களிடம் பெட்டி எதுவும் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. கந்தோரில் இணையத் தொடர்பு இருந்தது அந்த ஒரேயொரு கணினிக்குத்தான்.

ஒன்பதரைபோல தொலைபேசி அடித்தது. பிலோமினா அக்கா எடுத்தார். சுவிஸிலிருந்து சுகந்தியின் தம்பி. அங்கே இன்னும் விடியவில்லை, வேலைக்குப் போகுமுன் பெட்டியைப் பார்ப்போம் என்று சுகந்தியின் பெயரை அடித்திருக்கிறான். அவன் கத்தியது எனக்கே கேட்டது. பிலோமினா அக்கா ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மல்லி, என்ட கட்டம் வெளிய தெரியுதா?"

"எந்தக் கட்டம்?"

"தெரியுதா இல்லையா?"

ஆறு வரி ஞாபகம் வந்தது. 'தொடர்புகளுக்கு: கோவிலுக்குப் பின் ஒழுங்கை, பச்சைக் கேற், மேல்மாடி. யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.' உலகத்தில் எவனும் பார்க்கலாம்.

"தெரியுது அக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. கைப்பையை எடுத்தார். முதலாளி வாசலில் மறித்தார்.

"எங்கை போறீர்? இப்ப ஆக்கள் வரப்போகினம்."

"ஒரு அலுவல்."

"இந்த நேரத்தில என்ன அலுவல்? பற்றீஸ் ஆர் பரிமாறுறது?"

"நீங்க குளோபல்தானே ஐயா, நீங்களே பரிமாறுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பச்சைக் கேற் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். அவர் ஓடினார்.

நான் முதலாளியிடம் போனேன்.

"ஐயா, ஒரு பிழை. பேஜை உடனே இறக்கோணும்."

"பிழையைப் பிறகு பாப்பம். ரிப்பனைத் தொடாதையும், படம் பிடிக்கிறவன் நிக்கிறான்."

"ஒரு ஆளின்ர விலாசம் தெரியுது, ஐயா."

"விலாசம் தெரியத்தானே தம்பி வெப்சைட்!"

இந்த இடத்தில் முதலாளியைத் திட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவதுதான் சுகம். ஆனால் அந்த ரிப்பன் இரும்புச் சங்கிலி இல்லை. ஒரு இழுவைக்குக் கழன்றிருக்கும். எதிர்ப்பக்கத்தில் காசுக்கு இணையம் பார்க்கிற ஒரு கொம்யூனிகேஷன் சென்டர் இருந்தது, அங்கே இரண்டு கணினி சும்மா கிடந்தது. அது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. புதுச் சேர்ட்டு போட்டிருந்தேன். முதல் வேலை. முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். நான் ரிப்பனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கனவான் பத்து மணி தாண்டி வந்தார். வெட்டினார். கைதட்டினோம். தன் பெயரை அடித்தார், ஒன்றும் வரவில்லை, எல்லோரும் அதற்கும் கைதட்டினோம். கட்லட்டுக்காக அவர்கள் திரும்பியதும் நான் உட்கார்ந்து பக்கத்தை இறக்கினேன்.

மத்தியானம் பதிவேட்டைப் பார்த்தேன். எந்தப் பக்கத்தை எங்கிருந்து எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று தளம் தானாகவே எழுதி வைக்கும். சுகந்தியின் பக்கம் இரண்டே இரண்டு தரம் திறக்கப்பட்டிருந்தது. சுவிஸிலிருந்து, ஒன்பது முப்பத்திரண்டு. கொழும்பிலிருந்து, ஒன்பது ஐம்பத்தெட்டு. நான் இறக்கியது பத்துப் பதினாலு.

தம்பிக்காரன் போன் எடுத்த உடனேயே இறக்கியிருந்தால் இரண்டாவது ஆளுக்கு வெறும் பக்கம்தான் கிடைத்திருக்கும்.

6

பிலோமினா அக்கா அடுத்தநாள் காலையில் வந்தார். அவருடைய கதிரையில் முதலாளியின் கடிதம் இருந்தது. விருந்தாளிகள் வந்த வேளையில் கடமையை விட்டுப் போனதற்காக வேலைநீக்கம். பதினெட்டு வருஷத்துக்கு நாலு வரி. அவர் குஷனையும், மாதா படத்தையும், பிஸ்கட் டின்னையும் ஒரு பையில் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே போய், பிழை என்னுடையது என்று சொல்லலாம் என்று யோசித்தபடி நின்றேன். யோசனை முடியுமுன் பை நிறைந்துவிட்டது.

"அவ இப்ப எங்கை, அக்கா?"

"உங்களுக்குச் சொல்றதா?" சிரித்தார். "இன்னொரு வெப்சைட் செய்யவா?"

புதன்கிழமை ஆட்கள் பச்சைக் கேற் வீட்டுக்கு வந்தார்கள். மேல்மாடி வெறுமை. வீட்டுக்கார அம்மாவைக் கேள்விமேல் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கையில் ஒரு கடதாசி இருந்ததாம், மேலே நீலக் கப்பல் படம் போட்டது. அந்தக் கப்பலை வரைந்தவன் நான். இரண்டு நாள் மினக்கெட்டு, புகைக்கூண்டுக்கு நிழல்கூட விழுத்தியிருந்தேன்.

வியாழக்கிழமை கந்தோருக்கு வந்தார்கள். முதலாளி ஒரு கணமும் தயங்கவில்லை. "உந்தத் தம்பிதான் எல்லாம் செய்தது." பின்னேரம் முழுக்க அவருடைய அறையில் வைத்து, அவள் இப்ப எங்கே என்று கேட்டார்கள். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி. எனக்கு உண்மையாகவே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். பிலோமினா அக்கா என்னைச் சரியாகவே அளந்து வைத்திருந்தார். அடையாள அட்டை விபரத்தை எழுதிக்கொண்டு, திரும்ப வருவோம் என்று போனார்கள்.

அதற்குப் பிறகு அம்மா என்னை வெள்ளவத்தையில் வைத்திருக்கவில்லை. வந்த வழியை எழுதப்போவதில்லை. வந்த பலபேருடைய வழிதான்.

இணையத்தளத்தை முதலாளி அடியோடு மூடிவிட்டார். அப்படியொன்று இருந்ததே இல்லை என்று இப்போது சாதிக்கிறாராம். அந்தப் பக்கத்தின் பிரதியும் பதிவேடும் என்னிடம் ஒரு இறுவட்டில், சீ.டி.யில், இருக்கின்றன. உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன்.

7

அகதி விண்ணப்பத்துக்கு முழுக் கதையையும் எழுதிக்கொண்டு போனேன், பதினொரு பக்கம். வழக்கறிஞர் சிவப்புப் பேனையை எடுத்தார்.

"இந்தப் பொம்பிளை எதுக்கு? வெட்டு. இந்த அக்கா எதுக்கு? வெட்டு. நாப்பது நிமிஷமாம்! தம்பி, நீர் அகதி கேக்கிறீரோ, பாவமன்னிப்புக் கேக்கிறீரோ?"

"நடந்தது அதுதானே."

"நடந்ததெல்லாத்தையும் ஆர் கேட்டது? தமிழருக்கு இணையத்தளம் செய்தீர். ஆக்கள் வந்து விசாரிச்சினம். உயிருக்குப் பயம். இதில எங்கை பொய்?"

பொய் இல்லைத்தான். பெட்டியைச் சுங்கத்தில் இறக்கி, உள்ளே இருந்த மனிசரை எடுத்துவிட்டு, வெறும் பெட்டியை அனுப்பினதுபோல இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், தங்கமான மனிதர். நான் கந்தோர் என்றதை ஒரு ஆள் என்று விளங்கிக்கொண்டார். 'கந்தரிடம் ஆட்கள் வந்தார்கள்' என்று பதிவில் ஏறியது. இல்லாத கந்தர் என் கோப்பில் இருக்கிறார். சுகந்தி இல்லை, பிலோமினா அக்கா இல்லை. சபை உறுப்பினர் அனுதாபமாகத் தலையசைத்து என்னை ஏற்றுக்கொண்டார். இங்கே ஒரு இலவசத் தமிழ்ப் பத்திரிகை என் படத்தைப் போட்டு 'உயிராபத்தில் தப்பிய இளம் ஊடகவியலாளர்' என்று எழுதியது. என் அக்கா அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.

8

போன ஞாயிறு பிலோமினா அக்காவுக்கு போன் எடுத்தேன். இப்போது நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு நொத்தாரிசுக்குக் காணி உறுதிப் பத்திரங்கள் அடித்துக் கொடுக்கிறார்.

"நான் சுகந்திக்குக் கடிதம் குடுத்தேன் மல்லி. வேலைக்காகாதாம். வெப்சைட் இருந்திச்சுன்னு நான் சொன்னா யார் நம்புறது? வீட்டுக்கார அம்மா கையெழுத்து வைக்க பயம். உங்ககிட்டதான் ஏதோ இருக்காமே."

"லோயர் எழுத வேண்டாமெண்டு சொல்லுறார் அக்கா."

"அவர் சொல்லுவாரு. அவரு அங்க இருக்காரு."

"என்ர கோப்பில பிரச்சினை வரலாம்."

"வரலாம். இங்க வானும் வரலாம். சரி, உங்க போன் கார்ட் முடியப்போகுது. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.

கடிதத்தை எழுத நாலு நாள் எடுத்தது. முதல் பிரதியில் 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்தேன். இரண்டாவதில் 'நிர்வாகத்தின் அறிவுறுத்தலின் பேரில்' என்று வந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் நேரக் கணக்கை மட்டும் எழுதினேன்: ஒன்பது முப்பத்திரண்டு, ஒன்பது ஐம்பத்தெட்டு, பத்துப் பதினாலு. கூடவே, நடுவில் நான் எங்கே நின்றேன் என்பதையும். பதிவேடு இல்லாமல் அத்தாட்சி இல்லை. பதிவேட்டைக் காட்டிவிட்டு நான் நல்லவன் என்று நிற்கவும் வழியில்லை.

என் வழக்கறிஞர் அதில் முத்திரை குத்தமாட்டார். ஆகவே வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடைத்தொகுதியொன்றில் சத்தியக்கடதாசி முடித்துக்கொடுக்கும் ஒரு கயானாக்கார அம்மாவிடம் போனேன். அவர் ஒரு படிவம் தந்தார். விண்ணப்பதாரருக்கும் உமக்கும் என்ன உறவு? உறவினர், நண்பர், சக ஊழியர், வேறு.

'வேறு' என்பதில் புள்ளடி போட்டு, பக்கத்தில் எழுதினேன்: இவர் ஒளித்திருந்த இடத்தை வெளியே விட்டவன். தெரிந்த பிறகும் நாற்பது நிமிஷம் அதை இறக்காமல் நின்றவன்.

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி இரண்டு தரம் வாசித்தார்.

"முன்னாள் வாடிக்கையாளர் என்று போட்டால் போதும், மகனே. யாரும் இதைக் கேட்கவில்லை."

"தெரியும்," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

அவர் முத்திரையைத் தேடி எடுத்து, மையில் தோய்த்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தினார்.